முத்துச் சிப்பியும் மாணாக்கன் வினாவும்

கொற்கைத் துறையில் எடுத்த முத்தின் பெருமையைச் சங்கப் புலவர் முதலாகப் பிறநாட்டு யாத்திரிகர் ஈறாகப் பலரும் புகழ்ந்துரைத்திருத்தலை நம் கலாசாலை அன்பர் யாவரும் அறிவர். ஆயின் அம்முத்தைக் குறித்து இக்கடற்கரைப் பள்ளியொன்றின் ஏழாம் வகுப்பில் ஒரு சிறுவன் வினவிய வினாவை அறிந்தார் மிகச் சிலரே. யான் அவ்வகுப்பில் அவனுக்கு அருகிலிருந்து கற்றவன். ஆதலின் அதனை ஈண்டு எடுத்துரைத்து, அதன் வாயிலாக நம் நடுநிலைப் பள்ளிகளில் விஞ்ஞானம் கற்பிக்கப்படும் முறையைப் பற்றி என் கருத்தைச் சொல்லத் துணிகின்றேன்.

அன்று பாடம் மெல்லுடலிகளைப் பற்றியது. "சிப்பியினுள் ஒரு மணற்றுகள் நுழைகின்றது, அஃது உறுத்துவதால் சிப்பி அதன்மேல் ஒருவகை நீரைச் சுரந்து மூடுகின்றது, அதுவே முத்து" என்று உபாத்தியாயர் சொல்லிக்கொண்டே வர, நாங்கள் எழுதிக்கொண்டே வந்தோம். அப்பொழுது அச்சிறுவன் எழுந்து நின்றான். அவனுடைய பாட்டனார் முத்துக் குளித்தவர். "ஐயா, எங்கள் பாட்டனார் கணக்கற்ற சிப்பிகளைத் திறந்து பார்த்தவர். சிப்பி வாழ்வதே மணலும் பாறையுமான இடத்தில்தான். மணல் புகாத சிப்பியே இராது என்பார். அப்படியானால் எல்லாச் சிப்பியிலும் முத்து இருக்கவேண்டுமே! எத்தனையோ சிப்பிகளைத் திறந்தும் ஏதோ ஒன்றிரண்டில் மட்டும் இருப்பது ஏன்?" என்று கேட்டான்.

உபாத்தியாயர் ஒரு கணம் பேசாதிருந்தார். பின்பு, "பரீட்சைக்கு உன் பாட்டனாரா வந்து எழுதப் போகின்றார்? உட்கார்" என்றார். வகுப்பு முழுதும் நகைத்தது, யானும் நகைத்தேன். அச்சிறுவன் அமர்ந்தான். அதன்பின் அவ்வாண்டு முழுதும் அவன் ஒரு வினாவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. எட்டாம் வகுப்பு முடிந்தபின் அவன் பள்ளிக்கு வரவுமில்லை, கடலுக்குச் சென்றுவிட்டான்.

அவ்வுபாத்தியாயரை இகழ்வது என் நோக்கமன்று. அவர் எங்கள்பால் அன்பு மிக்கவர். ஓரறையில் ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, குறித்த நாளுக்குள் குறித்த பாடத்தை முடிக்கவேண்டிய கடப்பாடுடையவர். அவருடைய உபாத்தியாயர்களும் அவ்வாறே அவரை உட்காரச் சொல்லியிருத்தல் கூடும். குறை ஒருவரதன்று, விடையைச் சேமித்து வைப்பதே விஞ்ஞானம் என்று நாம் கருதிவிட்ட மனப்பான்மையின் குறையாகும்.

இனி, அச்சிறுவன் வினாவின் தகுதியை ஆராய்வோம். முத்து எவ்வாறு பிறக்கின்றது என்பதற்கு உலகம் ஒன்றன்பின் ஒன்றாகப் பல விடைகளைக் கூறி வந்துள்ளது. சிப்பி வானத்துப் பனியை உண்டு முத்தை ஈனும் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த பிளினி என்பார் எழுதினார். சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளியே சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகும் என்பது நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய கொள்கை. கேட்பதற்கு இனியதே. ஆயின் முத்துச் சிப்பியோ பத்துப் பாகம் அளவான ஆழத்தில், பார் என்று நம்மவர் கூறும் கடலடிப் பாறைத் திட்டுக்களில், நூல் போன்ற இழைகளால் பற்றிக்கொண்டு கிடப்பது. அது மேலெழுந்து வந்து மழைத்துளியை ஏற்பது எங்ஙனம்? இதனை ஓர் ஏழாம் வகுப்பு மாணாக்கன் தானே கேட்கவல்லவன், கேட்கவும் வேண்டும்.

பின்னர் 1902-ஆம் ஆண்டில், லிவர்ப்பூல் நகரத்துப் பேராசிரியர் ஹெர்ட்மன் என்பவர் இலங்கை முத்துப் பார்களை ஆராய வந்தார். அவருக்குத் துணையாயிருந்தவர், பிற்காலத்துச் சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிப் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஹார்னெல். சிப்பியின் உடலில் தங்கும் ஒருவகை நாடாப்புழுவின் குஞ்சே சிறந்த முத்துக்களுக்குக் கருவாகும் என்பது ஹெர்ட்மன் கண்ட முடிபு. அவர் ஆராய்ச்சி இலண்டன் ராயல் சொஸைட்டியாரால் ஐந்து பெருந்தொகுதிகளாக வெளியிடப்பட்டது. எனினும் அம்முடிபும் நிலைபெறவில்லை. பேரறிஞர் கூறியதென்றோ, பெருநூலில் அச்சிட்டதென்றோ ஒரு கருத்து மெய்யாகிவிடாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நம் கடற்கரையில் வேறு வேண்டுவதில்லை.

உண்மை எவ்வாறு வெளிப்பட்டது? சிப்பியின் ஓட்டின் உட்புறத்தை ஒட்டி மெல்லியதொரு சதைப்போர்வை உண்டு. ஓட்டின் உட்புறத்தே மினுமினுக்கும் பூச்சைச் சுரப்பது அதன் மேற்புற அணுக்களே. அவ்வணுக்களிற் சில, யாதேனும் ஒரு காரணத்தால் தம்மிடம் பெயர்ந்து சிப்பியின் உடலுக்குள் சென்று தங்கிவிடின், ஆங்குப் பெருகி ஒரு சிறு பையாகின்றன. அப்பையினுள் அதே பூச்சுப் படலம் படலமாகப் படிகின்றது. அங்ஙனம் திரண்டதே முத்து. இதனை ஊகத்தால் மட்டும் கண்டவர் அல்லர், சோதித்துக் கண்டனர். உருண்டையான மணியொன்றை மட்டும் சிப்பியின் உடலுள் வைத்தால் பெரும்பாலும் முத்துண்டாவதில்லை. வேறொரு சிப்பியின் சதைப்போர்வையில் ஒரு சிறு துண்டை வெட்டி அம்மணியோடு சேர்த்து வைத்தால் முத்துண்டாகின்றது. ஜப்பான் நாட்டு நன்னீர்ச் சிப்பிகளில் மணியே இல்லாமல் அத்துண்டை மட்டும் வைத்தும் முத்தெடுத்தனர். எனவே மணலோ மணியோ முத்துக்கு இன்றியமையாததன்று. சதைப்போர்வையின் அணுக்களே இன்றியமையாதன. ஒன்றை விலக்கியும் ஒன்றைச் சேர்த்தும் பார்த்தமையாலன்றோ இது துணியப்பட்டது?

இச்சோதனையின் இந்திய வெற்றி நிகழ்ந்த இடம் நம் தூத்துக்குடியே. இங்குள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வேப்பலோடையில் முயன்று, 1973-ஆம் ஆண்டில், நம் கடலின் சிப்பியிலேயே உருண்டையான வளர்ப்பு முத்தை உண்டாக்கினர். அம்முயற்சிக்குத் தலைநின்றவர் கே. அழகர்சுவாமி என்னும் விஞ்ஞானி. இயற்கைப் பார்களில் மரபுவழி முத்துக் குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது; பன்னிரண்டு ஆண்டுகளில் அதே கரையில் மனிதன் கையால் முத்து விளைந்தது. அங்ஙனமிருந்தும், அவ்வாராய்ச்சி நிலையத்திற்கு அணித்தாக அமைந்த எங்கள் பள்ளியில் மணற்றுகள் கதையே ஓதப்பட்டது. அதனை மறுத்துக் கேட்ட சிறுவனோ, பாட்டனார் கூறியதையும் பாடநூல் கூறியதையும் ஒப்புநோக்கி, இரண்டும் பொருந்தாமையைத் தானே கண்டவன். விஞ்ஞானி செய்வதும் அதுவேயன்றி வேறன்று.

ஆராய்ந்து தெளியும் ஆற்றலை உயர்நிலைப் பள்ளியிலோ கலாசாலையிலோ வளர்த்துக்கொள்ளலாம் என்பார் உளர். அற்றன்று. பத்து வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பருவமே அதற்குரிய பருவம். அதற்கு முன் குழந்தை கேட்டதையெல்லாம் நம்புகின்றது. அதற்குப் பின் இளைஞன் பரீட்சைக்கு அஞ்சுகின்றான். இடைப்பட்ட மூன்றாண்டுகளில் பிள்ளை தானாகவே "ஏன்?" என்று கேட்கின்றான். அக்காலத்தே நாம் அவனுக்குக் கற்பிக்கவேண்டியது இன்னும் ஒரு வினாவையே. "இஃது உனக்கு எங்ஙனம் தெரியும்?" என்பதே அது. அதனைப் பிறரை நோக்கிக் கேட்கக் கற்பதற்கு முன் தன்னை நோக்கிக் கேட்கக் கற்றல் வேண்டும். இப்பயிற்சிக்கு வேண்டும் பொருள்களோ நம் கரையில் மலிந்து கிடக்கின்றன. மூன்று உதாரணங்கள் காட்டுவேன்.

முதலாவது கடல்கட்டியின் கதை. முத்துக் குளிப்புக் காலத்தில் சுறாமீன்களை மந்திரத்தால் கட்டிவைப்பவர் என ஒரு சாரார் இருந்தனர். அவர்க்குக் கடல்கட்டி என்று பெயர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் குறித்தெழுதிய மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அத்தகையோர்க்கு அளிக்கப்பட்டதென்றும், பகற்பொழுதுக்கு மட்டும் மந்திரம் கட்டி இரவில் அவிழ்த்துவிடுவர் என்றும் கூறுகின்றார். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்து நூல்களிலும் அவர்தம் தொழில் பேசப்படுகின்றது. இதனை வகுப்பில் நகைப்புக்கிடமாக்குதல் எளிது. ஆனால் நகைப்பு ஆராய்ச்சியன்று. "மந்திரம் கட்டினார்கள், சுறா வரவில்லை, ஆகவே மந்திரம் பலித்தது" என்னும் வாதத்தில் குறைவது யாது என்று பிள்ளைகளைக் கேட்கவேண்டும். கரும்பலகையில் நான்கு கட்டங்கள் வரையலாம். கட்டியபோது சுறா வந்த நாள், கட்டியபோது வராத நாள், கட்டாதபோது வந்த நாள், கட்டாதபோது வராத நாள் என நான்கு. அவ்வாதம் ஒரு கட்டத்தை மட்டுமே நிரப்பியுள்ளது. மற்ற மூன்றும் வெறுமையாயிருக்கும்போது முடிவு செய்வது எங்ஙனம் என்பதைப் பிள்ளைகள் தாமே காண்பர். கடல்கட்டி கரையில் நிற்பதால் குளிப்பவர் நெஞ்சில் துணிவு பிறந்தது என்பதும் ஒரு பயன் அன்றோ என்று ஒரு சிறுமி கேட்பாளாயின், அவளும் நன்றாகவே சிந்திக்கின்றாள். மந்திரம் சுறாவைத் தடுத்ததா, மனிதர்க்குத் துணிவளித்ததா என்பன இருவேறு வினாக்கள் என்று அவளுக்கு உணர்த்தலாம்.

இரண்டாவது உப்பளம். தூத்துக்குடிப் பிள்ளைகளுள் உப்பளத்தைக் காணாதார் இலர். பெற்றோர் உப்பளத்தில் உழைக்கும் பிள்ளைகளோ பலர். உப்பு விளைவது வெயிலாலா, காற்றாலா என்று வினவினால் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும். நான்கு தட்டுக்களில் ஒரே அளவு உப்புநீரை ஊற்றி, ஒன்றை வெயிலும் காற்றும் படும் இடத்திலும், ஒன்றை வெயில் பட்டும் காற்றுப் படாத மறைவிலும், ஒன்றை நிழலில் காற்றுப்படவும், ஒன்றை இரண்டும் இல்லாத இடத்திலும் வைக்கலாம். வைக்கும் முன்னரே ஒவ்வொரு பிள்ளையும் தன் எண்ணத்தைக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். எழுதியதைப் பின்பு அழிக்கலாகாது. இவ்விதியே முழுப் பயிற்சியின் உயிர். தான் எண்ணியது தவறென்று தன் கண்ணாலேயே கண்டு, அதனை மறைக்காமல் எழுதிவைக்கும் பிள்ளை, நூறு வரி மனப்பாடம் செய்த பிள்ளையினும் ஒரு படி உயர்ந்தவன். தட்டின் அளவு வேறு, நீரின் அளவு வேறு, நாள் வேறு எனப் பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது காரணம் என்று தெரியாமற்போகும்; ஒன்றை மாற்றும்போது ஏனையவற்றை மாற்றாது வைத்தல் வேண்டும் என்னும் விதியைப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டறியாமல் செய்து கண்டறிவர்.

உப்பளத்துப் பெரியோர் பாமே என்னும் அளவு குறித்த மானியை நீரில் மிதக்கவிட்டு டிகிரி பார்க்கின்றனர். கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி; 25 டிகிரி அளவில் உப்புப் படியத் தொடங்கும்; அதற்கு முன்னரே ஜிப்சம் படிந்துவிடும்; 29 அல்லது 30 டிகிரிக்கு மேற்போனால் கசப்பூட்டும் வேறு உப்புக்கள் கலக்கும் ஆதலின் எஞ்சிய நீரை வெளியேற்றுவர். எழுத்தறியாத தாயொருத்தி இவ்வளவையும் கையால் அறிந்திருக்க, அவள் மகள் அடர்த்தி என்பதற்குப் பொருள் தெரியாமல் அதன் வரையறையை ஒப்பிக்கின்றாள். வீட்டறிவும் பள்ளியறிவும் ஒன்றையொன்று காணாமலே போய்விடுகின்றன. பெரியோர் கூறியதை மறுப்பதே சிந்தனை என்று சிலர் எண்ணுகின்றனர். வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றைப் பெயரிட்டுப் பகுத்து, நீரோட்டம் கண்டு வலை வீசிய நம் கடலோடிகள் கூர்ந்து நோக்கியறிந்தவர்கள். அவர் சொல்லையும் சோதித்து, மெய்யாயின் ஏற்று, அல்லவாயின் விடுத்தல்தான் அவர்க்குச் செய்யும் மரியாதை.

மூன்றாவது மழை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அவ்வெண்ணை நாடெங்கும் சொன்னார்கள். அதன் பொருள் யாதென்று எத்தனை வகுப்பில் கேட்கப்பட்டது? அகன்ற பாத்திரத்தில் மிகுதியாகவும் குறுகிய பாத்திரத்தில் குறைவாகவும் மழையின் உயரம் காட்டுமா என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் ஆம் என்பர். அடியும் வாயும் ஒரே அளவான டப்பாக்கள் இரண்டினை, ஒன்று அகலமாகவும் ஒன்று குறுகலாகவும் தேர்ந்து, மொட்டைமாடியில் வைத்து ஒரு மழைக்குப்பின் அளந்து பார்க்கட்டும். உயரம் ஒன்றாகவே இருக்கும். அதன்பின் கணக்கு எளிதாகும். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் பத்து லிட்டர் நீர். 95 சென்டிமீட்டர் எனின் 950 லிட்டர். ஐம்பது சதுர மீட்டர் கூரையின்மேல் மட்டும் 47,500 லிட்டர் நீர் ஒரே நாளில் விழுந்தது என்றறியும் பிள்ளைக்கு, அடுத்த முறை வானிலை அறிக்கையில் எண்ணொன்று வரும்போது அது வெறும் எண்ணாயிராது. வீட்டிலுள்ள பாட்டியை மேட்டுக்கு அழைத்துச் செல்லவேண்டுமா என்று எண்ணச் செய்யும் செய்தியாயிருக்கும்.

அவ்வாறே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அன்றாட வானிலை முன்னறிவிப்பையும், துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணையும் வகுப்பில் ஒரு பலகையில் எழுதி, மறுநாள் நிகழ்ந்ததையும் அருகே எழுதிவரலாம். "மழை பெய்யக்கூடும்" என்பதற்கும் "மழை பெய்யும்" என்பதற்கும் உள்ள வேறுபாடு மூன்று திங்களில் தெளிவாகும். ஒருநாள் பொய்த்தது என்று முன்னறிவிப்பையே எள்ளுவோரும், அதனை வேதவாக்காகக் கொள்வோரும் ஆகிய இரு திறத்தாரினும் அப்பிள்ளைகள் அறிவுடையோராவர். இதுவும் முக்கியமான பாடம். ஏனெனில், எல்லாவற்றையும் ஐயுறுதல் அறிவாகாது. ஒவ்வொன்றையும் தானே சோதித்தறிய ஒருவருக்கும் வாணாள் போதாது. எவர் சொல்லை எக்காரணத்தால் எவ்வளவு நம்பலாம் என்று அளந்தறிவதே தெளிவு. இந்நாளில் கைப்பேசி வழியே வரும் பொய்ச்செய்திகளும் "பிறர் மறைக்கும் உண்மை" என்று ஐயத்தின் வேடம் பூண்டே வருகின்றன. "இஃது உனக்கு எங்ஙனம் தெரியும்?" என்னும் வினா ஒன்றே அவ்வேடத்தைக் களையவல்லது.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுவார்க்கு ஒரு வரலாறு கூறுவேன். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் என்றொரு மாவட்டம் உண்டு. இன்று அதற்கு நர்மதாபுரம் என்று பெயர். ஆங்கு 1972-ஆம் ஆண்டில், கிஷோர் பாரதி என்னும் நிறுவனத்தாரும், குவேக்கர் என வழங்கும் நண்பர் சபையார் ரசூலியாவில் நிறுவிய கிராம நிலையத்தாரும் சேர்ந்து, 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு புதுமுறை விஞ்ஞானக் கல்வியைத் தொடங்கினர். தில்லிப் பல்கலைக்கழகத்து ஆசிரியரும் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகளும் அதற்குத் துணைநின்றனர். 1978-இல் அம்மாவட்டத்து நடுநிலைப் பள்ளிகள் அனைத்திற்கும் அது விரிந்தது. 1982 முதல் ஏகலவ்யா என்னும் நிறுவனம் அதனை நடத்திற்று. அவர்தம் 'பால் வைஞானிக்' என்னும் புத்தகத்தில் சோதனைகளும் வினாக்களும் இருந்தனவேயன்றி விடைகள் இல்லை. விடையைப் பிள்ளைகளே கண்டெழுதினர். பரீட்சையிலும் புத்தகத்தைத் திறந்து பார்க்க அனுமதி உண்டு; செய்முறைப் பரீட்சையும் உண்டு. சவாலிராம் என்றொரு கற்பனைப் பெரியவரைப் படைத்து, பிள்ளைகள் தம் ஐயங்களை அவருக்குக் கடிதமாக எழுதச் செய்தனர். செல்வம் மிக்க நகரப் பள்ளிகளில் அன்று, நாட்டுப்புறத்து அரசாங்கப் பள்ளிகளில் முப்பதாண்டுகள் இது நிகழ்ந்தது. 2002-ஆம் ஆண்டில் மாநில அரசாங்கம் அதனை நிறுத்திவிட்டது. முயன்றால் கைகூடும் என்பதையும், பொதுமக்கள் ஆதரவு ஊன்றாவிடின் கைகூடியதும் நிலையாது என்பதையும் ஹோஷங்காபாத் நமக்கு ஒருங்கே உணர்த்துகின்றது. நம் நாட்டிலும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் 'துளிர்' என்னும் சிறுவர் மாத இதழாலும், 1993 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் விஞ்ஞான மாநாட்டாலும் இவ்விளக்கை ஏந்தி வருகின்றனர். எனினும் மாநாட்டுக்குச் செல்வோர் பள்ளிக்கு ஒரு சிலரே. வகுப்பில் அமர்ந்திருப்பவர் எல்லாப் பிள்ளைகளும்.

இனி, இதற்கு எதிராகக் கூறப்படுவனவற்றை நோக்குவோம். பாடம் முடிக்க நேரமில்லை என்பது ஒன்று. வாரத்தில் ஒரு பாடவேளை போதும். ஒரு வினாவை முற்ற ஆராய்ந்த பிள்ளை பிற பாடங்களை விரைந்து கற்பான். கருவிகள் இல்லை என்பது மற்றொன்று. மேலே கூறிய சோதனைகளுக்கு வேண்டுவன தட்டும் டப்பாவும் கடல்நீருமே. வகுப்பில் ஒழுங்கு குலையும் என்பது வேறொன்று. எதிர்த்துப் பேசுதல் வேறு, காரணம் காட்டிப் பேசுதல் வேறு. தன் சொல்லுக்குச் சான்று காட்டவும், பிறர் சொல்லை முற்றக் கேட்கவும், தான் தவறியபோது ஒப்பவும் பழகுதல் பிரம்பினும் கடியதோர் ஒழுங்கேயாகும்.

பரீட்சையே தடை என்பது மட்டும் வலிய வாதம். அதனை யான் ஒப்புக்கொள்கின்றேன். ஒப்பித்தலையே அளக்கும் பரீட்சை இருக்கும்வரை ஒப்பித்தலே நடைபெறும். ஆயினும் தமிழ்நாட்டில் 6, 7, 8-ஆம் வகுப்புக்களில் பொதுத்தேர்வு இல்லை. முதற் பொதுத்தேர்வு பத்தாம் வகுப்பிலேதான். ஆதலின் நடுநிலை வகுப்புக்களின் வினாத்தாளை மாற்றும் உரிமை பெரிதும் பள்ளியின் கையிலேயே உள்ளது. ஒவ்வொரு வினாத்தாளிலும் புத்தகத்தில் இல்லாத செய்தியொன்றைக் கொடுத்து, "இதிலிருந்து இன்னது துணியலாமா? துணிய இன்னும் எது தெரியவேண்டும்?" என்று ஒரே ஒரு வினாவேனும் கேட்கத் தடையென்ன?

சமயப் பற்றுக்கு ஊறு நேரும் என்று அஞ்சுவாரும் உளர். மிஷன் பள்ளிகளில் பயின்ற நாம் அதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள். கண்டாலன்றி நம்பேன் என்ற தோமாவை ஆண்டவர் கூட்டத்தினின்றும் தள்ளிவிடவில்லை. தம் காயங்களையே தொட்டுப் பார்க்கும்படி காட்டினார். அந்தத் தோமாவையே நம் தென்னாட்டுத் திருச்சபை தன் தந்தையென்று போற்றுகின்றது. எல்லாவற்றையும் சோதித்து நல்லதைப் பற்றிக்கொள்ளும்படி பவுல் அடியார் தெசலோனிக்கேயருக்கு அறிவுறுத்தினார். சொன்னவர் யாரென்று நோக்காது சொன்னதன் மெய்ம்மையைக் காண்பதே அறிவென்று வள்ளுவரும் வகுத்தார். மைக்கேல் பாரடே என்னும் பெருவிஞ்ஞானி தம் சபையில் மூப்பராயிருந்த பக்தர். அவரே 1860-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இலண்டன் மாநகரில் சிறுவர்களைக் கூட்டி, ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, அதன் சுடரைப் பற்றி ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். மெய்யான நம்பிக்கை சோதனைக்கு அஞ்சுவதில்லை.

1976-இல் திருத்தப்பெற்ற நம் அரசியற் சட்டம், விஞ்ஞான மனப்பான்மையையும் ஆராயும் உணர்வையும் வளர்த்தல் ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று விதிக்கின்றது. அக்கடமை ஏழாம் வகுப்பில் தொடங்காவிடின் வேறெங்குத் தொடங்கும்?

இச்சஞ்சிகையைப் படிக்கும் மாணவ நண்பர்களுள் பலர் நாளை உபாத்தியாயர் ஆவீர்கள். உங்கள்பால் யான் வேண்டுவன மிகச் சில. வாரத்தில் ஒரு முறையேனும் புத்தகத்தில் விடையில்லாத வினாவை வகுப்பில் வையுங்கள். பிள்ளைகள் முன்கூட்டி எண்ணியதை எழுதச் செய்து, தவறாயினும் அதற்கு மதிப்பளியுங்கள். அவர் வீட்டார் கடலிலும் உப்பளத்திலும் துறைமுகத்திலும் அறிந்தவற்றை வகுப்பினுள் வரவேற்றுச் சோதியுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, விடை தெரியாதபோது "எனக்குத் தெரியவில்லை; சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்ல நாணாதீர்கள்.

அன்று எங்கள் உபாத்தியாயர் அவ்வொரு சொல்லைச் சொல்லியிருப்பின், அச்சிறுவன் விஞ்ஞானியாகியிருப்பான் என்று யான் கூற வரவில்லை. கடலோடியாகவே இருந்திருப்பினும் இருந்திருப்பான். ஆயின் தன் பாட்டனார் கண்டதும் அறிவே, தான் கேட்டதும் தக்க வினாவே என்னும் நிமிர்வோடு கடலுக்குச் சென்றிருப்பான். யாங்களும் நகைப்பதற்குப் பதிலாகச் சிந்தித்திருப்போம். இனியொரு பிள்ளை எழுந்து நின்று கேட்கும்போது, அவனை உட்காரச் சொல்லும் முன் ஒரு கணம் பொறுத்து அவன் வினாவைக் கரும்பலகையில் எழுதுவோமாக.